வேலூர்ப் பக்கம் ரெய்னிங்குக்குக் குதிரை வாங்க: சந்தைக்குப் போகும் முன், பணம் கொடுக்கும் முன்

ரெய்னிங் என்றால் ஒரு கையில் லகானைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு குதிரையைப் பெரிய வட்டமும் சின்ன வட்டமுமாக ஓட்டுவது, பின்னங்காலை ஊன்றி நின்ற இடத்திலேயே சுழலவைப்பது, வேகமாக வரும்போது பின்னங்கால்கள் சறுக்க நிறுத்துவது, நிறுத்திய கையோடு நேராகப் பின்வாங்கவைப்பது. இதற்குப் பேர்போன அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் இனத்தை நம் ஊர்த் தரகர்களிடம் தேடாதீர்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் கைக்கு வருவது நாட்டுக்குதிரை, கத்தியவாரி, மார்வாரி, இவற்றின் கலப்பு, பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட தரோபிரெட் ஆகியவைதான். ஆகவே நீங்கள் வாங்கப்போவது ரெய்னிங் பழகிய குதிரை அல்ல, ரெய்னிங் பழக்க முடிகிற குதிரை. விற்பவர் உங்களுக்குக் காட்டுவது நிறம், சுழி, ஆட்டம். நீங்கள் பார்க்க வேண்டியது வாயும் பின்னங்காலும்.

1. முதலில் உங்கள் எடை, பிறகு மாதச் செலவு

ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. ரெய்னிங்குக்குப் போடும் வெஸ்டர்ன் சேணம் மட்டுமே 12 முதல் 18 கிலோ வரும். 350 கிலோ குதிரை என்றால் மொத்தச் சுமை 70 கிலோ. 14 கிலோ சேணம் போட்டால் நீங்கள் 56 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 75 கிலோ ஆள் நாட்டு மட்டக்குதிரையில் உட்கார்ந்து ரெய்னிங் பழக்கினால் முதலில் போவது அதன் முதுகு.

எடை மேடை கிடைக்காத இடத்தில் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே மார்பைச் சுற்றி சென்டிமீட்டரில் அளங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தை அளங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 344 கிலோ.

உயரத்தை இங்கே பெரும்பாலும் இஞ்சில்தான் சொல்வார்கள். ரெய்னிங்குக்கு 57 முதல் 60 இஞ்ச் நல்ல உயரம். 64 இஞ்ச் என்று பெருமையாகச் சொன்னால் மயங்க வேண்டாம். உயரமான குதிரைக்குப் பின்பக்கத்தை மடக்கித் தாழ்த்தி நிற்பது கடினம்.

மாதச் செலவைப் போட்டுப் பார்த்த பிறகுதான் குதிரை விலையைக் கேட்க வேண்டும். 350 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் 7 கிலோ தீவனம் தேவை. நடைமுறையில் அது பசும்புல்லும் குதிரை மசாலும் கலந்து 20 கிலோ, உலர்புல் 2 கிலோ, தானியம் 2 கிலோ என்று வரும். மாதத்துக்கு 600 கிலோ பசுந்தீவனம், 60 கிலோ உலர்புல், 60 கிலோ தானியம். உங்கள் ஊர் விலையில் பெருக்கிக்கொள்ளுங்கள். இதோடு ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம், டாக்டர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து, வருடத்துக்கு ஒருமுறை டெட்டனஸ் தடுப்பூசி. தண்ணீர் தினமும் 30 முதல் 40 லிட்டர். அக்னி நட்சத்திரத்தில் அதற்கும் மேல்.

லாடம் அடிப்பவரைக் குதிரைக்கு முன்னால் தேடுங்கள். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் கைகாரராகவே இருந்தாலும் குதிரைக் குளம்பு வேறு வேலை. மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பில் இரண்டு துண்டாக அடிப்பது. குதிரைக்கு ஒரே வளையம், அதற்கு முன் குளம்பைச் சமன்செய்து சீவ வேண்டும். குதிரை லாடக்காரர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவார் என்ற உறுதி இல்லாவிட்டால் வாங்குவதையே தள்ளிப் போடுங்கள்.

2. எங்கே, எப்போது, யாரிடம்

பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடுவது மாட்டுச் சந்தை. குதிரை வாங்க அல்ல, எந்த ஊரில் யாரிடம் குதிரை இருக்கிறது என்று விசாரிக்க நல்ல இடம். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தை ஒட்டி மாட்டோடு குதிரையும் வரும். ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தை குதிரைக்குப் பேர்போனது. ஒரே இடத்தில் பல இனங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள அங்கே ஒருமுறை போய் வாருங்கள்.

ஆனால் முதல் குதிரையைச் சந்தையில் வாங்க வேண்டாம். கூட்டம், மேளம், லாரியில் வந்த களைப்பு எல்லாம் சேர்ந்து குதிரையின் உண்மையான குணத்தை மறைத்துவிடும். மறுநாள் வந்து இன்னொரு முறை பார்க்கவும் முடியாது. சந்தையில் ஆளைப் பிடியுங்கள். குதிரையை அவர் கொட்டகையில் போய்ப் பாருங்கள்.

ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து தரை காய்ந்திருக்கும், பச்சை கிடைக்கும், புதுக் குதிரைக்கு வெயிலைப் பழகவும் நேரம் இருக்கும். மே மாதத்தில் குளிர்ந்த ஊரிலிருந்து குதிரையை வேலூருக்குக் கொண்டுவருவது அதற்குச் செய்யும் கொடுமை.

குதிரை இதுவரை என்ன வேலை செய்தது என்பது விலையைவிட முக்கியம்.

கல்யாண ஊர்வலத்தில் ஆடிய குதிரை கழுத்தைத் தூக்கி, முதுகைக் குழித்து ஆடப் பழகியிருக்கும். ரெய்னிங்குக்கு வேண்டியது நேர் எதிர்: கழுத்து தாழ, முதுகு எழும்ப, பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வர வேண்டும். ஆட்டக் குதிரையை மாற்றலாம், ஆனால் பல மாத வேலை. அதன் வாய் பெரும்பாலும் கெட்டிருக்கும்.

வண்டியில் ஓடிய குதிரை கடிவாளத்தில் சாய்ந்து இழுக்கும். கண்ணுக்குப் பட்டை கட்டி ஓட்டியிருந்தால் பின்னால் ஆள் உட்காருவதே அதற்குப் புதிது.

பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட்டுக்கு லகானை இழுத்தால் வேகம் கூட்டத்தான் தெரியும். கூடவே முன்னங்கால் தசைநாரில் பழைய அடி இருக்கலாம். முட்டிக்குக் கீழே காலின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். நேர்க்கோடாக இல்லாமல் வில்போல் வெளியே வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ரேவால் நடைக்குப் பழக்கிய குதிரை ஒரே பக்கத்து இரண்டு காலையும் சேர்த்துப் போடும். உட்கார்ந்தால் சொகுசாக இருக்கும். ஆனால் ரெய்னிங் வட்டங்கள் கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல் நடையில் ஓட வேண்டியவை. அந்த நடைக்கு இது சுலபத்தில் மாறாது.

இரண்டு வருடமாக ஒரே ஆள் சவாரிக்கு மட்டும் வைத்திருந்த, அதிகம் எதுவும் பழக்காத, 5 முதல் 8 வயதுக் குதிரைதான் புதியவருக்கு ஏற்றது. காயடித்ததோ பெட்டையோ இருக்கட்டும். முதல் குதிரையாகக் காயடிக்காத ஆண் குதிரை வேண்டவே வேண்டாம்.

3. போனிலேயே கேட்டுவிட வேண்டியவை

வயது, உயரம், செய்த வேலை, கடைசியாக லாடம் அடித்த நாள், ஏன் விற்கிறார், வயிற்றுவலி வந்ததுண்டா, டாக்டரைக் கூட்டிவந்து ரத்தம் எடுக்கச் சம்மதமா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். “குழந்தை உட்கார்ந்தாலும் ஒண்ணும் பண்ணாது சார்” என்பது பதில் அல்ல. “நான் வரும்வரை சேணம் போடாம வைங்க அண்ணா” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

4. நிற்கும்போது பார்ப்பது

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சேருங்கள். முதுகில் சேணம் வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமோ, காய்ந்து வெள்ளையாகப் படிந்த வியர்வை உப்போ இருந்தால் உங்களுக்கு முன்னால் ஒருமுறை ஓட்டித் துள்ளலை அடக்கியிருக்கிறார்கள். கீழுதடு தொங்கி, தலை தாழ்ந்து, கால் அகட்டி நின்று, ஆண் குதிரையானால் குறி வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கு வேறு எதையும் பார்க்காமல் திரும்பிவிடுங்கள்.

வயது: கீழ்த்தாடையின் முன்பற்கள் ஆறு. நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓர ஜோடி நாலரையிலும் நிலைப்பல்லாக மாறும். ஐந்தில் வாய் நிறைந்துவிடும். பிறகு பல்லின் மேலிருக்கும் குழி நடு ஜோடியில் ஆறு, அடுத்ததில் ஏழு, ஓரத்தில் எட்டு வயதளவில் மறையும். மேல் ஓரப்பல்லில் ஈறிலிருந்து இறங்கும் பழுப்புக் கோடு பத்து வயதையொட்டித் தொடங்கும். பாதிப் பல்லை எட்டியிருந்தால் வயது பதினைந்து. “ஏழு வயசு” என்று சொல்லும் குதிரையின் பல்லில் அந்தக் கோடு தெரிந்தால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

வாய்: முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல் இல்லாத ஈறு இருக்கும். கடிவாளம் உட்காரும் இடம் அதுதான். நாக்கை மெல்ல ஒருபக்கம் விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். மேடு பள்ளம், தழும்பு, நாக்கில் வெட்டு, உதட்டு ஓரத்தில் தடித்த வெள்ளைத் தோல் இவையெல்லாம் முள் வைத்த கடிவாளத்தின் வேலை. அப்படிப்பட்ட முள் கடிவாளம், வண்டியிழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே தடைசெய்யப்பட்டது. ஆனாலும் ஆட்டக் குதிரைகளின் வாயில் அதைப் பார்க்க முடிகிறது. லகானின் மெல்லிய அசைவைக் கேட்டு நடப்பதுதான் ரெய்னிங். மரத்துப்போன வாய் அதைக் கேட்காது.

பின்பக்கம்: பின்னால் சற்றுத் தள்ளி நின்று இரண்டு பின்னங்கால்களையும் ஒப்பிடுங்கள். பின்னங்கால் முட்டியின் உள்பக்கத்தில் ஒரு காலில் மட்டும் எலும்புப் புடைப்பு இருந்தால் அது மூட்டுத் தேய்மானம். சறுக்கி நிற்பதும் சுழல்வதும் முழுக்க அந்த மூட்டின் மேல்தான் விழுகின்றன. பிட்டத்தின் உச்சியைவிடத் தோள்மேடு தாழ்ந்திருந்தால் குதிரை எப்போதும் இறக்கத்தில் ஓடுவதுபோல் முன்பாரம் போடும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

குளம்பு: நான்கையும் தூக்கச் சொல்லாதீர்கள், நீங்களே தூக்குங்கள். குளம்பின் அடியில் நடுவே இருக்கும் முக்கோண மெத்தையில் கறுப்புக் குழம்பும் நாற்றமும் இருந்தால் கொட்டகை ஈரம். அது குணமாகும். மேலிருந்து கீழாகப் பிளவு, சுற்றிலும் அலையலையாக வளையங்கள், சப்பையான அடிப்பாகம் இருந்தால் குணமாவது சிரமம்.

சுழி பற்றி ஒரு வார்த்தை. சுழி சுத்தமான குதிரைக்கு இங்கே தனி விலை. முடி எந்தப் பக்கம் சுழிந்திருக்கிறது என்பதற்கும் குதிரை எப்படி நிற்கும், திரும்பும் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே வாயும் காலும் நன்றாக இருந்து சுழி சரியில்லை என்று விலை குறைத்தால் உங்களுக்கு லாபம். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் அதே குறைப்பு நடக்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

5. ஓடவிட்டும் ஏறியும் பார்ப்பது

பாலாற்று ஓரத்து ஊர்களில் குதிரையை மணலில் ஓட்டிக் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். குளம்பு வலி மணலில் தெரியாது. முதலில் கெட்டியான மண்சாலையிலோ சிமெண்ட் களத்திலோ, தலைக்கயிறு தளர்ந்திருக்க, நேராக டிராட்டில் (நடைக்கும் கேன்டருக்கும் நடுவான துள்ளோட்டம்) ஓட்டச் சொல்லுங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பிறகு மணலில் வட்டமாக ஓடவிடுங்கள்; தசைநார் வலி அங்கே வெளிவரும். இரண்டு தரையும் வேண்டும், இரண்டு பக்க வட்டமும் வேண்டும்.

அடுத்து பின்னங்காலை ஒரு நிமிடம் மடக்கித் தூக்கிப் பிடித்து, விட்ட உடனே டிராட்டில் ஓட்டுவது. முதல் ஓரிரு அடி தயங்கினால் பரவாயில்லை. நொண்டல் தொடர்ந்தால் மூட்டில் கோளாறு. இதை டாக்டரோ பழகிய கையோ செய்யட்டும்.

கடிவாளம் மாட்டுவதிலிருந்து விற்பவர் எல்லாவற்றையும் உங்கள் கண் முன்னே செய்ய வேண்டும். முதலில் அவர் ஏறட்டும். அவரே ஏறத் தயங்கினால் நீங்கள் ஏறவே கூடாது. உங்கள் முறை வந்ததும், ஹெல்மெட்டோடு, இந்த வரிசையில்:

ஏறும்போது அசையாமல் நிற்கிறதா. லகானைத் தளர்த்தி நடக்கவிட்டால் நடக்கிறதா, அவசரப்படுகிறதா. நின்றபடி வலது லகானை மெல்ல எடுத்தால் மூக்கு உங்கள் காலணிப் பக்கம் வருகிறதா, இடதுக்கும் அப்படியா. ஒரு பக்கம் மட்டும் மரக்கட்டையாக இருந்தால் அது பல்லிலோ கழுத்திலோ வலியாக இருக்கலாம்.

நடையிலிருந்து நிறுத்துவதுதான் முக்கியமான சோதனை. இழுக்காதீர்கள். மூச்சைவிட்டு இடுப்பை ஆழமாக வைத்து உட்காருங்கள், பிறகு லகானைத் தொடுங்கள். நல்ல குதிரைக்கு முதுகு உங்களுக்கடியில் சற்று எழும்பும், பின்னங்கால்கள் உள்ளே வரும், தலை இருந்த இடத்திலேயே இருக்கும். பழக்கக் கூடாத குதிரை முன்னங்காலைக் குத்தி, தலையை உங்கள் முகத்துக்கு வீசி நிற்கும். ஒருமுறை வீசினால் பழக்கக் குறை. மென்மையாகக் கேட்டும் ஒவ்வொரு முறையும் வீசினால் வாயிலோ முதுகிலோ வலி.

பிறகு ஐந்து அடி பின்வாங்கச் செய்யுங்கள். நேராகப் போக வேண்டும். குளம்பை இழுத்துக்கொண்டு போனால் பின்மூட்டில் கோளாறு இருக்கலாம். பின்பக்கம் தள்ளாடினால் இறங்கிவிடுங்கள். நரம்புக் கோளாறாக இருக்கலாம்.

கடைசியாக இரண்டு பக்கமும் கேன்டர். இடது வட்டத்தில் இடது முன்னங்கால் முந்த வேண்டும், வலதில் வலது. எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஒரே கால்தான் முந்துகிறது என்றால், மறுபக்கத்தில் வலி இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை வாங்க வேண்டாம். ஒரு கையால் லகானைக் கழுத்தில் சாய்த்துத் திருப்புவது தெரியாவிட்டால் கவலை இல்லை, அதைச் சில வாரத்தில் கற்றுக்கொள்ளும்.

பிடித்திருந்தாலும் அன்றைக்கே பேச்சை முடிக்காதீர்கள். சொல்லாமல் இன்னொரு நாள் போங்கள். வலி ஊசி போட்டிருந்தால் அதன் வேலை ஓரிரு நாளில் தீர்ந்து, உண்மையான கால் தெரியும்.

6. டாக்டரும் ரத்தமும்

விற்பவர் சொல்லும் டாக்டர் வேண்டாம், நீங்கள் கூட்டிவருபவர் வேண்டும். இருதயம், நுரையீரல், கண், மடக்குச் சோதனை எல்லாம் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். காலில் சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேவுக்குச் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி வரை கொண்டுபோக நேரிடலாம். விலையுயர்ந்த குதிரை என்றால் அந்தச் செலவு வீண் அல்ல.

ரத்தத்தில் மூன்று பார்க்க வேண்டும்: கிளாண்டர்ஸ், குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகை, சர்ரா.

கிளாண்டர்ஸ் மனிதனுக்கும் தொற்றும். குதிரைக்குத் தடுப்பூசியும் இல்லை, சிகிச்சையும் செய்ய மாட்டார்கள். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள். மூக்கில் பிசுபிசுப்பான சளி, மூக்கினுள் புண், காலின் உள்பக்கத்தில் கயிறு முடிச்சுபோல் கட்டிகள் தெரிந்தால் தொடாமல் விலகுங்கள். ஒன்றுமே தெரியாமலும் நோய் இருக்கும், அதற்குத்தான் பரிசோதனை. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி இதை அரசுக்கு அறிவித்தாக வேண்டும். ரத்தம் எடுக்கச் சிலர் மறுப்பதற்குக் காரணம் இந்தப் பயம். மறுத்தால், விலை பாதியானாலும் வாங்காதீர்கள். மாதிரியை அரசு கால்நடை மருத்துவமனை வழியாக அனுப்புங்கள். இறுதி உறுதி செய்வது ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம். முடிவு வரும்வரை குதிரை விற்பவரின் கொட்டகையிலேயே இருக்கட்டும்.

சர்ரா ஈ கடித்துப் பரவுவது. விட்டுவிட்டுக் காய்ச்சல், நன்றாகத் தின்றும் இளைப்பு, வயிற்றடியிலும் காலிலும் வீக்கம். மழைக்காலம் முடிந்து வாங்கும் எந்தக் குதிரைக்கும் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

7. விலை, முன்பணம், பத்திரம்

தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விரல் கணக்கு தெரியாவிட்டால் கையை நீட்டாதீர்கள். “வாய்விட்டே பேசலாம் பாய்” என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தரகு யார் தருவது, எவ்வளவு என்பதை விலைக்கு முன் பேசுங்கள். சேணம், கடிவாளம், தலைக்கயிறு விலையில் சேர்த்தியா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

முன்பணம் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதியை ரத்த முடிவு வந்த பிறகு, வங்கி வழியாகக் கொடுங்கள். ஒரே கொடுக்கல் வாங்கலில் 2 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விற்பவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

முத்திரைத்தாளில் எழுத வேண்டியவை: இருவர் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், குதிரையின் நிறம், பாலினம், வயது, உயரம், நெற்றியிலும் காலிலும் உள்ள வெள்ளை, தழும்பு, சூட்டுக் குறி, சுழிகள் உள்ள இடம், இரண்டு பக்கப் புகைப்படம், விலை, கொடுத்த முன்பணம், மீதி, இரண்டு சாட்சி. விலைக்குச் சொல்லும் சுழி இங்கே உண்மையாகவே பயன்படும். குதிரையின் அடையாளப் படிவங்களிலும் சுழிகளைக் குறிப்பது வழக்கம். கூடவே இந்த வரியைச் சேருங்கள்:

“மேற்படி குதிரைக்கு நொண்டலோ, அடிக்கடி வரும் வயிற்றுவலியோ, ஆளைத் தள்ளும் பழக்கமோ எனக்குத் தெரிந்து இல்லை. ரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியானால் முன்பணம் முழுவதையும் ஏழு நாளுக்குள் திருப்பித் தருகிறேன்.”

வாயால் சொன்ன உறுதி பிறகு நிற்காது. எழுத மறுக்கும் விஷயம் எதுவோ அதைத்தான் டாக்டர் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

தரோபிரெட் என்றால் பாஸ்போர்ட்டும் (குதிரையின் அடையாளப் புத்தகம்) கழுத்தில் மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும். சிப் எண்ணை ஸ்கேனரில் படித்து ஒப்பிட்ட பிறகே பணம். சந்தையில் வாங்கினால் சந்தைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

8. வண்டியில் ஏற்றுவது

பயணத்துக்குத் தகுதி உண்டு, தொற்றுநோய் இல்லை என்ற கால்நடை மருத்துவர் சான்று 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி கட்டாயம். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகவோ, சித்தூரிலிருந்து காட்பாடி வழியாகவோ வந்தால் சான்றும் விற்பனைப் பத்திரமும் ஓட்டுநர் கையிலேயே இருக்கட்டும்.

தலை சாலையின் இடப்பக்கம் பார்க்க, எதிர் வண்டிகள் கண்ணில் படாதபடி நிறுத்துங்கள். தரையில் ஈர மணலோ வைக்கோலோ கனமாகப் போடுங்கள். வெறும் தகட்டில் லாடம் வழுக்கும். இரவு பத்து மணிக்கு மேல் கிளம்பி, வெயில் ஏறும் முன் இறக்கிவிட வேண்டும். பழகிய ஆள் ஒருவர் பின்னால் கூடவே வரட்டும். கயிற்றை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடச் சொல்லுங்கள்.

9. முதல் மூன்று வாரம்

மற்ற குதிரை, கழுதைகளிடமிருந்து 21 நாள் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் துடைக்கும் துணியும் தனி. காலை, மாலை காய்ச்சல் பாருங்கள்; 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

விற்பவரிடமிருந்து ஒரு வாரத் தீவனம் கேட்டு வாங்கி வாருங்கள். பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுவதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகட்டும். திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது, அதனால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் வேர்க்கடலைக் கொடியைப் பூஞ்சை பிடித்திருந்தால் தொடவிடாதீர்கள். இளஞ்சோளத் தட்டை நஞ்சு, கொடுக்கவே கூடாது. கொள்ளு நனையவைத்துத்தான்.

முதல் வாரம் கையில் பிடித்து நடத்துவது மட்டும். இரண்டாம் வாரம் ஏறி நடை. மூன்றாம் வாரம் டிராட்டும், பெரிய வட்டங்களும். சுழலவும் சறுக்கி நிற்கவும் கேட்பதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. சாதாரண லாடத்தோடு சறுக்கி நிறுத்தப் பார்த்தால் லாடம் தரையைக் கவ்விப் பிடித்து, அந்த அதிர்வு முழுவதும் பின்மூட்டுக்குப் போகும். அதற்குப் பின்னங்கால்களில் அகலமான வழவழப்பான லாடமும், அடியில் கெட்டித் தரையும் மேலே இரண்டு மூன்று இஞ்ச் தளர்ந்த மண்ணும் உள்ள களமும் வேண்டும். அந்த லாடத்தைத் தட்டித் தர முடியுமா என்று உங்கள் லாடக்காரரிடம் இப்போதே பேசி, அளவு கொடுத்து வையுங்கள்.